ஏழைக்கும் எட்டிய மருந்து: பேராசிரியர் சேனக பிபிலே

புதிய மருந்தைக் கண்டுபிடித்தவரின் பெயரை உலகம் எளிதில் மறப்பதில்லை. அம்மைப்பால் தந்த எட்வர்ட் ஜென்னரையும், பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங்கையும் நாம் பாடப்புத்தகங்களிற் படிக்கிறோம். ஆனால், கண்டுபிடித்த மருந்து ஏழையின் வீடு வரை போய்ச் சேர வழி செய்தவர்களைப் பற்றி நாம் படிப்பது மிகக் குறைவு. கடையில் மருந்து இருந்தும் கையிற் காசு இல்லாதவனுக்கு, அந்த மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படாததற்குச் சமமே. இவ்வுண்மையை நன்குணர்ந்து, தமது கல்வியையும் உழைப்பையும் அதற்கென அர்ப்பணித்த பெரியார் ஒருவர் எமது இலங்கைத் தீவிலேயே வாழ்ந்தார். அவரே பேராசிரியர் சேனக பிபிலே ஆவார்.

1920 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 ஆம் திகதி பிபிலே பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியில் கல்வி பயின்றார். அவர் பாடசாலை மாணவராக இருந்த காலத்திலேதான், 1934 இலும் 1935 இலும், மலேரியாக் காய்ச்சல் இலங்கையைச் சூறையாடியது. சில மாதங்களுக்குள் 80,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கேகாலை, குருநாகல் பகுதிகளிலே பல கிராமங்கள் பெருந்துயரில் ஆழ்ந்தன. அந்நாளில் மலேரியாவுக்கு மருந்து இல்லாமல் இருக்கவில்லை, கொயினா இருந்தது. எனினும் வயிறார உணவின்றி வாடிய கிராமத்து ஏழைக்கு அது வேளைக்குக் கிடைக்கவில்லை. அந்தத் துன்ப காலத்தில் நிவாரணப் பணியில் முன்னின்று உழைத்தவர்களுள் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் ஒருவர். அப்போது பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த மாணவன் பிபிலேயும் அந்த வைத்தியரும் முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் ஒரே மேசையில் அமர்ந்து நாட்டின் மருந்துக் கொள்கையை எழுதப் போகிறார்கள் என்பதை அன்று எவரும் அறிந்திருக்க முடியாது.

கொழும்பிலே மருத்துவம் கற்ற பிபிலே 1945 இல் முதல் வகுப்பிற் சித்தியடைந்தார். இத்தகைய சித்தி பெற்றவர்கள் பெரும்பாலும் நாடுவது சத்திர சிகிச்சை நிபுணராகவோ பொது வைத்திய நிபுணராகவோ வந்து பேரும் பொருளும் ஈட்டும் வழியையே. பிபிலேயோ அவ்வளவாக எவரும் விரும்பாத மருந்தியல் துறையைத் தேர்ந்தெடுத்தார். மருந்து உடலினுள்ளே என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் நன்மை, எவ்வளவு கொடுத்தால் தீமை, உடலை விட்டு எவ்வாறு வெளியேறுகிறது என்பவற்றை ஆராயும் இயலே மருந்தியல். ஸ்கொட்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகத்திலே அத்துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். 1958 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியரானார். பின்னர் 1960 களின் பிற்பகுதியில் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் பணிபுரிந்தார். மருத்துவ மாணவர்க்கு எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பதையே தனிப்பட்ட ஆய்வுப் பொருளாகக் கொண்டு, மருத்துவக் கல்வியைச் சீர்படுத்த முயன்றவர் அவர். அரசியலில் லங்கா சமசமாஜக் கட்சியுடன் ஈடுபாடு கொண்டிருந்தார்.

பிபிலே பேராசிரியராகப் பொறுப்பேற்ற காலம் மருந்துலகில் ஒரு பெரும் மாறுதற் காலமாகும். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வைத்தியரின் பெட்டியில் உண்மையாகவே நோயை முறியடிக்கும் மருந்துகள் ஒரு சிலவே இருந்தன. பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்கிளினும் வந்த பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. புதிய மருந்துகள் ஆண்டுதோறும் வந்து குவிந்தன. அவற்றோடு விளம்பரங்களும் குவிந்தன. கம்பனிப் பிரதிநிதிகள் வைத்தியர்களைத் தேடிச் சென்று தத்தம் சரக்குகளைப் புகழ்ந்தனர். மருந்தைப் பற்றி வைத்தியருக்குக் கற்பிப்பவர் அதனை விற்பவரே என்ற விபரீத நிலை உருவாயிற்று.

அந்த நிலையின் ஆபத்தை உலகம் விரைவிலேயே கண்டது. 1957 இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட் என்னும் குளிசை, கருவுற்ற தாய்மாருக்கும் ஏற்றது எனக் கூறி விற்கப்பட்டது. 1961 இன் இறுதியில் அது தடுக்கப்படுவதற்கிடையில் பல நாடுகளிலுமாக ஏறத்தாழ 10,000 குழந்தைகள் அங்கக் குறையுடன் பிறந்தன. அமெரிக்காவிலே அம்மருந்தை விற்க அனுமதி வழங்க மறுத்து, கம்பனியின் நெருக்குதலுக்குப் பணியாது நின்று பல்லாயிரம் குடும்பங்களைக் காத்தவர் பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண்மணி. அவரும் பிபிலேயைப் போல ஒரு மருந்தியல் அறிஞரே என்பதை மாணவியராகிய நாம் நினைவிற் கொள்ளல் நன்று.

பிபிலேயின் பணியை விளங்கிக் கொள்வதற்கு, மருந்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு என்பதை நாம் முதலில் அறிய வேண்டும். தலையிடி, காய்ச்சல் என்றதும் எங்கள் வீடுகளிலே பனடோல் என்கிறோம். பனடோல் என்பது ஒரு வியாபாரப் பெயர். அக்குளிசையினுள்ளே இருந்து வேலை செய்யும் பொருளின் பெயர் பரசிட்டமோல். இதுவே அதன் பொதுப் பெயர். பரசிட்டமோலை நூறு கம்பனிகள் செய்யலாம். நூறு வியாபாரப் பெயர்களைச் சூட்டலாம். நூறு விலைகளுக்கு விற்கலாம். முறையாகச் செய்யப்பட்டதாயின் நோயாளியின் உடலுக்கு அவை யாவும் ஒன்றே. அரிசியை எந்தப் பையில் இட்டாலும் அது அரிசிதான் என்பதை எமது தாய்மார் அறிவர். மருந்து விடயத்தில் மட்டும் பைக்கும் சேர்த்து விலை கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் ஊறிவிட்டது.

1950 களின் இறுதியில் பிபிலேயும் அவரோடு சேர்ந்துழைத்த வைத்தியர்களும் அரசாங்க வைத்தியசாலைகளுக்கென ஒரு மருந்துக் கையேட்டை ஆக்கும் வேலையைத் தொடங்கினர். ஒவ்வொரு மருந்தையும் எடுத்து, இது நோயைக் குணமாக்குகிறதா, இது பாதுகாப்பானதா, இதே வேலையைச் செய்யும் மலிவான மருந்து வேறு உண்டா என்ற கேள்விகளை எழுப்பினர். தேறிய மருந்துகள் பொதுப் பெயரால் கையேட்டில் இடம் பெற்றன. தேவையற்ற கலவைகளும், பெயர் மட்டும் வேறாகிய இரட்டைகளும் நீக்கப்பட்டன. இது மேடைப் பேச்சுக்கு உரிய வேலையன்று. பல ஆண்டுகள் பொறுமையோடு செய்ய வேண்டிய வேலை. மருந்துக் கொள்கையென்னும் பெரிய கட்டடம் பின்னர் எழுந்தது இந்தச் சிறிய கையேட்டின் மீதுதான்.

அரசாங்க வைத்தியசாலைகளில் இவ்வாறு ஒரு கட்டுப்பாடு வந்தபோதிலும், வெளியே தனியார் கடைகளில் நிலைமை வேறாயிருந்தது. அங்கே 2,000 க்கும் அதிகமான பெயர்களில் மருந்துகள் இறக்குமதியாயின. 1971 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 1 கோடி 27 இலட்சம் மக்கள் வாழ்ந்த சிறிய நாட்டுக்கு இத்தனை பெயர்கள் எதற்கு? தேயிலையும் றப்பரும் தெங்குப் பொருளும் விற்று நாடு ஈட்டிய அந்நியச் செலாவணி, ஒரே பொருளின் பல்வேறு பெயர்களுக்காகச் செலவாகிக் கொண்டிருந்தது.

1970 ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடி அரசை வாட்டிய காலம் அது. மருந்துச் செலவை ஆராயும் பொறுப்பு வைத்தியரும் பொதுவுடைமைக் கட்சித் தலைவருமாகிய எஸ். ஏ. விக்கிரமசிங்கவிடமும் பேராசிரியர் பிபிலேயிடமும் வந்தது. மலேரியாக் காலத்தில் கிராமம் கிராமமாகச் சென்ற வைத்தியரும், மருந்துகளை ஒவ்வொன்றாக எடைபோட்ட பேராசிரியரும் இணைந்து 1971 இல் தமது அறிக்கையைச் சமர்ப்பித்தனர். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகியது. அதன் முதலாவது தலைவராகப் பிபிலே நியமனம் பெற்றார்.

அவர் வகுத்த திட்டம் பல அங்கங்களைக் கொண்டது. ஒன்றை எடுத்து மற்றதை விட்டால் அது பயன் தராது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

முதலாவது, பட்டியலைச் சுருக்குதல். நிபுணர் குழுவின் ஆய்வின் பின்னர் தனியார் துறைக்கு இறக்குமதியாகும் மருந்துகளின் தொகை ஏறத்தாழ 2,100 இலிருந்து 600 அளவுக்குக் குறைக்கப்பட்டது. நோயாளிக்குத் தேவையான எந்த மருந்தும் இதனால் இல்லாமற் போய்விடக் கூடாது என்பதே குழுவின் நோக்கமாயிருந்தது. இரண்டாவது, பொதுப் பெயரைப் பயன்படுத்துதல். வைத்தியர் துண்டில் எழுதுவதும், மருந்துப் பெட்டியில் அச்சிடுவதும் பொதுப் பெயராக மாற வேண்டும் என்றார். மூன்றாவது, ஒரே கையால் வாங்குதல். நூறு வியாபாரிகள் சிறிது சிறிதாக வாங்கும்போது விற்பவன் சொன்னதே விலை. நாடு முழுவதற்குமாக ஒரு கூட்டுத்தாபனம் உலகெங்கிலுமிருந்து கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கும்போது, விற்பவர்கள் போட்டியிட்டு விலையைக் குறைக்க வேண்டியதாகிறது. சந்தையில் ஒரு கத்தரிக்காய் வாங்குபவருக்கும் ஒரு சாக்கு வாங்குபவருக்கும் ஒரே விலை சொல்லப்படுவதில்லையே!

நான்காவது, உள்ளூரிற் குளிசை செய்யும் தொழிற்சாலைகளின் மூலப்பொருளைப் பற்றியது. அந்நாளில் இலங்கையில் இயங்கிய வெளிநாட்டுக் கம்பனிகளின் கிளைகள், மூலப்பொருளைத் தத்தம் தாய்க் கம்பனிகளிடமிருந்தே வரவழைத்தன. தாய்க்குப் பிள்ளை கொடுக்கும் விலையைக் கேட்பார் எவருமில்லை. உலகச் சந்தை விலையைக் காட்டிலும் பல மடங்கு அதிகமான விலைகள் அங்கே மறைந்திருந்தன. இனி மூலப்பொருளையும் கூட்டுத்தாபனமே மலிவான இடத்தில் வாங்கித் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் என்று பிபிலே ஏற்பாடு செய்தார். ஐந்தாவது, தரத்தைச் சோதித்தலும், விற்பனையோடு தொடர்பற்ற நடுநிலையான தகவலை வைத்தியர்க்கு வழங்குதலும். விளம்பரத்தின் இடத்தை அறிவு பிடிக்க வேண்டும் என்பது ஆசிரியராகிய அவரது உறுதியான எண்ணம்.

இத்திட்டத்தை அவர் ஒரே நாளில் நிறைவேற்ற முற்படவில்லை. முதலிற் சில மருந்துகள், பின்னர் மேலும் சில என்று கூட்டுத்தாபனம் படிப்படியாக இறக்குமதியைக் கையேற்றது. கையேற்ற மருந்துகள் பலவற்றின் விலை கணிசமாகக் குறைந்தது. அந்நியச் செலாவணி மீதமாயிற்று. கூட்டுத்தாபனத்தின் சில்லறைக் கடைகளாகிய ஒசுசல, மக்கள் நம்பிச் செல்லும் இடங்களாக வளர்ந்தன. இன்று நாம் ஒசுசல என்ற பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழையும்போது, அதன் பின்னாலுள்ள வரலாற்றை எத்தனை பேர் நினைக்கிறோம்?

நல்ல காரியங்களுக்கு எதிர்ப்பு இயல்பே. பிபிலேக்கு எதிர்ப்பு இரு பக்கங்களிலிருந்தும் வந்தது. வெளிநாட்டுக் கம்பனிகளின் எதிர்ப்பு எதிர்பார்க்கப்பட்டதே. தம்மோடு ஒன்றாகக் கற்ற, தம்மிடமே கற்ற வைத்தியர்கள் சிலரின் எதிர்ப்புத்தான் கடினமானது. மலிவான மருந்து தரமற்றது, வைத்தியர் விரும்பியதை எழுதும் சுதந்திரம் பறிபோகிறது என்று அவர்கள் குறைகூறினர். அக்குறைகளை வெறும் சுயநலம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. புதிய ஏற்பாடு ஆகையால் சில வேளைகளில் மருந்து வந்து சேரத் தாமதமானதும் உண்டு. நோயாளியின் உயிருக்குப் பொறுப்பான வைத்தியர், தாம் அறியாத கம்பனியின் குளிசையைச் சந்தேகிப்பதும் இயல்பே. அந்தச் சந்தேகத்துக்கு மருந்து பரிசோதனை, ஒளிவுமறைவற்ற தகவல், இடையறாத விளக்கம் ஆகியவையே பதில் என்று அவர் நம்பினார். எனவேதான் தரச் சோதனையை அவர் விலையிலிருந்து ஒருபோதும் பிரித்துப் பார்க்கவில்லை.

சோதனையின் உச்சம் 1970 களின் நடுப்பகுதியில் வந்தது. நாட்டிலே கொலரா நோய் பரவியது. அதற்கு டெட்ராசைக்கிளின் தேவை. கூட்டுத்தாபனம் அதன் மூலப்பொருளை மலிவாக வாங்கி வைத்திருந்தது. அதனைக் கப்சியூலாக்கும் வசதி கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் கிளை, தன் தாய்க் கம்பனியின் மூலப்பொருள் அன்று என்பதால் அதனைக் கையாள மறுத்துவிட்டது. மூலப்பொருள் களஞ்சியத்தில் இருக்க, மருந்தை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் அதிக செலவில் தருவிக்க நேர்ந்தது. அத்தொழிற்சாலையை அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அமெரிக்கத் தூதுவர் பிரதமருடன் நேரடியாகப் பேசினார். தொழிற்சாலை பொறுப்பேற்கப்படவில்லை. உணவுக்கும் உதவிக்கும் பிற நாடுகளை எதிர்பார்த்திருந்த ஒரு சிறிய நாட்டின் கையறு நிலை அது. நியாயம் தம் பக்கம் இருந்தும் பலம் மறு பக்கம் இருந்ததைப் பிபிலே கண்ணாரக் கண்டார். தனித்து நிற்கும் சிறு நாடு வெல்வது அரிது. பல நாடுகள் சேர்ந்து நின்றால் வெல்லலாம் என்பதே அந்த அனுபவம் கற்பித்த பாடமாகும்.

அந்தப் பாடத்துக்கு அமைய அடுத்த படி விரைவில் எடுக்கப்பட்டது. 1976 ஆகஸ்ட் மாதத்தில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கொழும்பிலே பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடைபெற்றது. மருந்துகளை உற்பத்தி செய்வதிலும் வாங்குவதிலும் வளர்முக நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. ஒரு சிறு நாட்டின் மருந்துக் கையேட்டில் தொடங்கிய சிந்தனை இவ்வாறு பல நாடுகளின் கூட்டுத் தீர்மானமாக மலர்ந்தது. பிபிலே கூட்டுத்தாபனத் தலைமையை விட்டு, ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டமைப்பின் சார்பிலே பிற வளர்முக நாடுகளுக்கு மருந்துக் கொள்கை வகுக்கும் பணியை மேற்கொண்டார். பொருளியல் அறிஞர் சஞ்சய லாலுடன் இணைந்து இலங்கையின் அனுபவத்தை விரிவாக எழுதினார். அவ்வாய்வுக் கட்டுரை 1977 இல் வெளியாயிற்று. சாதனைகளை மட்டுமன்றித் தடைகளையும் அது எடுத்துரைத்தமையால், பிற நாட்டவர்க்கு அது உண்மையான வழிகாட்டியாக அமைந்தது.

அப்பணியின் நிமித்தம் தென் அமெரிக்காவின் வட கரையிலுள்ள கயானா நாட்டுக்குச் சென்றிருந்த வேளையில், 1977 செப்டெம்பர் 29 ஆம் திகதி, பேராசிரியர் பிபிலே திடீரென மரணமானார். அப்போது அவருக்கு வயது 57 மட்டுமே. மாரடைப்பு என்று கூறப்பட்டபோதிலும், அம்மரணம் குறித்து ஐயம் எழுப்பியோரும் உண்டு. தாயகத்திலிருந்து வெகு தொலைவில், ஏழை நாடுகளுக்காக உழைத்துக் கொண்டிருக்கையிலேயே அவரது வாழ்வு முடிவுற்றது என்பது மட்டும் உறுதி.

அவர் மறைந்து மூன்று வாரம் கூட ஆகுமுன்னர், 1977 ஒக்டோபரில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு ஜெனீவாவிற் கூடியது. அத்தியாவசிய மருந்துகள் என ஏறத்தாழ 200 மருந்துகளைத் தெரிந்து, உலகின் முதலாவது மாதிரிப் பட்டியலை அது வகுத்தது. எல்லா மருந்தும் எல்லார்க்கும் தேவையில்லை. தேவையான மருந்தோ எல்லார்க்கும் கிடைக்க வேண்டும் என்பதே அப்பட்டியலின் அடிப்படை. ஸ்தாபனத்தின் தலைமைப் பணிப்பாளர் ஹாப்டன் மாலர் 1975 இலேயே இக்கருத்தை உலக சுகாதாரப் பேரவையின் முன் வைத்திருந்தார். அதனை ஒரு நாடு நடைமுறையிற் செய்து காட்டலாம் என்பதற்கு இலங்கை ஓர் எடுத்துக்காட்டாக விளங்கியது. அன்று தொடங்கிய பட்டியல் இரண்டாண்டுக்கு ஒரு முறை திருத்தப்பட்டு வருகிறது. இன்று அதிலுள்ள மருந்துகள் 500 ஐத் தாண்டிவிட்டன.

விதைத்த நாட்டிலே பயிர் வாட, அயல் நாட்டிலே அது தழைத்ததையும் நாம் கூறியாக வேண்டும். 1977 ஜூலையில் இலங்கையில் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. கூட்டுத்தாபனம் நிலைத்தது, ஆனால் இறக்குமதியில் அதற்கிருந்த தனியுரிமை நீங்கியது. வியாபாரப் பெயர்கள் மீண்டும் பெருகின. ஐந்தாண்டுகளின் பின், 1982 இல், பங்களாதேஷ் புதிய மருந்துக் கொள்கை ஒன்றை அறிவித்து, பயனற்றவையும் தீங்கானவையுமான ஏறத்தாழ 1,700 மருந்துகளை நீக்க முற்பட்டது. பெரிய எதிர்ப்பையும் தாங்கி அந்நாடு தன் சொந்த மருந்துத் தொழிலை வளர்த்துக் கொண்டது. 2001 இல் எயிட்ஸ் நோய்க்கான மருந்தைப் பற்றிய உலகளாவிய வழக்காடலிலும் இதே கேள்விதான் எழுந்தது. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட விலையில் விற்ற மூன்று மருந்துச் சிகிச்சையை, இந்தியக் கம்பனி ஒன்று 350 டொலருக்குத் தர முன்வந்தது. பெயரை நீக்கிப் பொருளைப் பார்த்தபோது விலை எங்கே போய் நின்றது என்பதை உலகம் கண்டது. ஆபிரிக்காவின் இலட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சிகிச்சையின் கதவு திறந்தது.

எமது நாட்டிலும் பிபிலேயின் நினைவு மறையவில்லை. அவருடைய கொள்கை மீண்டும் வேண்டும் என்ற குரல் நாற்பது ஆண்டுகளாக ஒலித்தது. முடிவில் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைந்தது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கப்பட்டது. எனினும் 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, வைத்தியசாலைகளில் அவசிய மருந்துகளுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டதை நாம் யாவரும் கண்டோம். எது முதலில் வாங்கப்பட வேண்டும், எது காத்திருக்கலாம் என்று முன்கூட்டியே சிந்தித்து வைப்பது எத்துணை அவசியம் என்பதை அந்த ஆண்டு நெஞ்சில் அறைந்தாற்போல் உணர்த்தியது. பேராசிரியர் பிபிலே ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த பட்டியல் வேலையின் பொருள் அதுவே.

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் எம்மிற் பலருக்கு வைத்தியராக வேண்டும் என்பது கனவு. சிலர் தாதியராகவும், சிலர் மருந்தாளராகவும், சிலர் நிருவாக சேவையில் அதிகாரிகளாகவும் வருவோம். வெள்ளை அங்கியும் ஸ்டெதஸ்கோப்பும் எமது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு, அந்த அங்கியின் பின்னாலிருக்கும் பட்டியல்களும் கேள்விப்பத்திரங்களும் சட்டங்களும் தெரிவதில்லை. ஒரு வைத்தியர் தம் வாழ்நாளிற் சில ஆயிரம் நோயாளரைக் காக்கலாம். நேர்மையோடு ஆக்கிய ஒரு பட்டியல், அவர் ஒருபோதும் காணாத இலட்சக்கணக்கானோரைக் காக்கும். பேரும் புகழும் தரும் துறைகளை விட்டு எவரும் விரும்பாத துறையைத் தேர்ந்தெடுத்த அந்த இளம் பட்டதாரியின் வாழ்க்கை எமக்குக் காட்டுவது இதுவே.

சகோதரிகளே! அவருக்கு நாம் செலுத்தக்கூடிய எளிய நன்றிக்கடன் ஒன்று உண்டு. அடுத்த முறை வீட்டுக்கு மருந்து வாங்கும்போது, பெட்டியில் பெரிய எழுத்திலுள்ள பெயரோடு நின்றுவிடாமல், அதன் கீழே சிறிய எழுத்திலுள்ள பொதுப் பெயரையும் படிப்போம். அதனை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். வைத்தியரிடமும் மருந்தாளரிடமும் பணிவோடு விளக்கம் கேட்போம். அவர்களைக் கேளாமல் மருந்தை நாமாக மாற்ற வேண்டாம். எமது பாட்டிமாருக்கும் தாய்மாருக்கும் அந்தச் சிறிய எழுத்தைப் படித்துக் காட்டுவோம். பேராசிரியர் சேனக பிபிலே தமது வாழ்நாள் முழுவதும் செய்ததும், ஒரு நாட்டுக்கு அந்தச் சிறிய எழுத்தைப் படித்துக் காட்டியதே ஆகும்.